கோல்கீப்பராக ஆடி முடித்த மகள் கல்லூரி அணிக்கு உதவிக் கோச்சாகப் போகிறேன் என்கிறாள், விடலாமா?

ஒஹாயோ அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 22 வயது. இங்கே ஒஹாயோவில் ஒரு டிவிஷன் 3 கல்லூரியில் நான்கு வருடம் சாக்கர், அதாவது கால்பந்து ஆடினாள், கோல்கீப்பர். (இங்கே கல்லூரி விளையாட்டை மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறார்கள், 1 தான் மேல்மட்டம்.) முதல் வருடம் முழுக்க பெஞ்ச், இரண்டாம் வருடம் பாதி ஆட்டம், கடைசி இரண்டு வருடமும் அவள்தான் கோலி. படித்தது அக்கவுண்டிங். செப்டம்பரில் வந்து சேரச் சொல்லி ஒரு ஆடிட் நிறுவனம் வேலையும் கொடுத்துவிட்டது, கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

போன வாரம் பக்கத்து மாநிலத்தில் இருக்கும் ஒரு டிவிஷன் 2 கல்லூரியின் ஹெட் கோச் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பெண்கள் அணிக்கு கிராஜுவேட் அசிஸ்டன்ட் (ஜி.ஏ.), அதாவது இரண்டு வருடம் உதவிக் கோச்சாக இருந்துகொண்டே மாஸ்டர்ஸ் படிக்கலாம், படிப்புக்கட்டணம் கிடையாது, கையில் வருடத்துக்கு 9,000 டாலர். கோல்கீப்பர்களை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 1 சேர வேண்டும், இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

9,000 டாலர் என்றதும் என் மனைவி அதற்குமேல் எதையும் கேட்கத் தயாராக இல்லை. எனக்கும் மனசு ஒப்பவில்லைதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன நவம்பரில் அவளுடைய கடைசி ஆட்டம், 1-0 என்று தோற்றுவிட்டார்கள். நாங்கள் கீழே இறங்கிப் போவதற்குள் அழுதுகொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அவள் பெஞ்சில் இருந்த இரண்டாவது கோலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் இரண்டு வருடத்தில் மொத்தமாக ஒரு அரை மணி நேரம் ஆடியிருந்தால் அதிகம். அவளுடைய கிளவ்ஸின் மணிக்கட்டுப் பட்டையைப் பிரித்துக்கொண்டே இவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டிருந்தாள். காரில் வரும்போது என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அந்த கோல் விழுந்தப்போ நான் எங்க நின்னேன்னு சொல்லிட்டிருந்தேன்ப்பா, அடுத்த வருஷம் அவதானே நிக்கணும்" என்றாள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் முடியாது என்று சொல்வதற்கு முன்னால் தெரிந்தவர்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். கோல்கீப்பர் கோச் என்பது வாழ்நாள் முழுக்கச் செய்யக்கூடிய வேலையா? அதில் மேலே போக வழி உண்டா, அல்லது கோலிகளுக்குப் பந்து உதைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட வேண்டியதுதானா? அவளிடம் கோச்சிங் லைசென்ஸ் எதுவும் கிடையாது. உள்ளே இருப்பவர்கள் யாராவது இருந்தால் உள்ளபடி சொல்லுங்கள்.


வலைக்காவலன்:

அண்ணா, உள்ளே இருப்பவன்தான் எழுதுகிறேன். பத்து வயதில் இந்த நாட்டுக்கு வந்து நியூ ஜெர்சியில் வளர்ந்தேன், கல்லூரியில் கோலியாக ஆடினேன், இப்போது உதவிக் கோச்சாக எனக்கு 12-வது சீசன். நான்காவது கல்லூரி. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதே கேள்வியை என் அப்பா அன்றைக்குக் கேட்க ஆள் இல்லாமல் தவித்தார்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை நம் கையில் இல்லை, ஹெட் கோச்சின் கையில் இருக்கிறது. அவர் வேறு இடத்துக்குப் போனாலோ, அவரை அனுப்பிவிட்டாலோ, புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் வருவார். நான் மாறிய மூன்று முறையில் இரண்டு முறை அப்படித்தான். ஒரு முறை டிசம்பரில், வீட்டு வாடகை ஒப்பந்தம் ஜூலை வரைக்கும் பாக்கி இருக்கும்போது. அதனால் எந்தக் கல்லூரி, எந்த டிவிஷன் என்பதை விட, எந்த ஹெட் கோச்சிடம் போகிறாள் என்பதுதான் முக்கியம். அவரிடம் முன்பு வேலை பார்த்த ஜி.ஏ.க்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். நல்ல கோச் என்றால் யோசிக்காமல் நான்கு பெயர் சொல்வார், போன் நம்பரும் கொடுப்பார்.

சம்பளம். நான் தொடங்கியபோது டிவிஷன் 1-ல் வாலண்டியர் கோச் என்று ஒரு பதவி இருந்தது, சம்பளம் கிடையாது, கோடைக்கால கேம்ப்களில் வேலை செய்தால் வரும் காசுதான். நிறைய அணிகளில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது கோல்கீப்பர் கோச்தான். காலை முழுக்கக் களத்தில் நின்றுவிட்டு, ராத்திரி க்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வாடகை கட்டியவன் நான். அது இப்போது இல்லை. வழக்குகள் எல்லாம் வந்து, 2023 ஜூலை 1 முதல் டிவிஷன் 1-ல் அந்தப் பதவியையே, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ எடுத்துவிட்டது. ஆக, உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் 9,000-மும் இலவசப் படிப்பும் நான் தொடங்கிய இடத்தை விட ஒரு படி மேல். ஆனால் அது போதும் என்று நான் சொல்ல மாட்டேன், போதாது.

சரி, வேலை என்னவென்று சொல்கிறேன், ஏனென்றால் பந்து உதைத்துக் கொடுப்பது என்று நீங்கள் எழுதியது பாதிதான்.

பந்து உதைப்பது உண்மை. அணிப் பயிற்சி ஆறரைக்கு என்றால் நாங்கள் அஞ்சே முக்காலுக்கே களத்தில் இருப்போம். இரண்டு கையிலும் பந்துப் பைகள். முதலில் கைக்கு நேராக, கட்டைவிரல் இரண்டும் சேர்கிற மாதிரி பிடிக்கிறார்களா என்று பார்ப்பது, அப்புறம் தாழ்வாக இடது, வலது, அப்புறம் பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் வரும் கிராஸ். ஒரு காலையில் 150 பந்துக்குக் குறையாமல் உதைப்பேன், அதுவும் ஒவ்வொன்றும் நினைத்த இடத்துக்குப் போக வேண்டும், அரை அடி தள்ளிப் போனால் அந்தப் பயிற்சியே வீண். இரண்டு காலாலும் உதைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது உங்கள் மகளுக்கு இப்போதே வரவில்லை என்றால் இந்தக் கோடை முழுக்கப் பழகச் சொல்லுங்கள்.

அதற்கப்புறம்தான் நிஜமான வேலை. வீடியோ. ஒரு கோல் விழுந்தால் எல்லோரும் கடைசி டைவைத்தான் பார்ப்பார்கள். நான் நிறுத்துவது அதற்கு முன்னால், அடிப்பவளின் கால் பந்தில் படுகிற அந்தக் கணத்தில். அப்போது கோலியின் இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்கிறதா, அல்லது இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறாளா? நகர்ந்துகொண்டிருந்தால் எவ்வளவு நீளமான கை இருந்தும் பயனில்லை. போன சீசனில் எங்கள் இரண்டாவது கோலி, ஆடவே கிடைக்காத பெண், என்னோடு உட்கார்ந்து முதல் கோலியின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்துவதற்கு முன்னால் அவளே ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி, "வலது கால் காத்துல இருக்கு கோச்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் ஆட்டம் ஜெயித்தால்கூட வராது. நான் சொல்ல வருவது இதுதான் அண்ணா: ஒரு அணியில் மூன்று, நான்கு கோலிகள் இருப்பார்கள், ஆடுவது ஒருத்திதான். ஃபார்வர்ட் என்றால் கடைசி இருபது நிமிடம் இறக்கிவிடலாம், கோலிக்கு அதுவும் இல்லை. ஆடுகிறவளைத் தயார் செய்வது வேலையில் பாதி. ஆடாமல் தினமும் அஞ்சே முக்காலுக்கு வருகிறவர்களை வருடம் முழுக்க மனம் உடையாமல் வைத்திருப்பதுதான் மீதிப் பாதி, கஷ்டமான பாதி. உங்கள் மகள் கடைசி ஆட்டம் முடிந்து செய்தது அதைத்தான். அந்த ஹெட் கோச் எதைப் பார்த்து அவளைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் ஆள் எடுக்கிறவனாக இருந்தால் அதற்காகவே எடுப்பேன்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, மேலே போக வழி உண்டா. உண்டு, ஆனால் கோல்கீப்பர் கோச் என்கிற பெயர் ஒட்டிக்கொண்டால் கஷ்டம். பாபி கிளார்க் என்று ஒருவர், ஸ்காட்லாந்துக்காரர், அபர்டீன் அணியின் கோலி, ஸ்காட்லாந்துக்காக 17 ஆட்டம் ஆடியவர். 1985-ல் டார்ட்மவுத் கல்லூரிக்குக் கோச்சாக வந்தார், அப்புறம் ஸ்டான்ஃபோர்ட், அப்புறம் 2001-லிருந்து நோட்ரே டாம். 2013-ல் மேரிலாண்டை 2-1 என்று வென்று அந்தக் கல்லூரிக்கு ஆண்கள் சாக்கரில் முதல் தேசியப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். கோலி எப்போதும் மொத்தக் களத்தையும் முன்னால் வைத்துப் பார்க்கிறவர், முழு அணியையும் நடத்தக் கூடாது என்று எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அந்தக் காரணத்தை ஹெட் கோச்கள் தாங்களாகக் கண்டுபிடிக்க மாட்டார்கள், நாம்தான் காட்ட வேண்டும்.

எப்படி? முதல் வாரத்திலேயே டிஃபன்ஸ் பக்கத்து செட் பீஸ்களை, அதாவது எதிரணியின் கார்னர், ஃப்ரீ கிக் வரும்போது யார் எங்கே நிற்பது என்பதை, என்னிடம் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கோலிக்கு அது இயல்பாக வரும், கோச்களும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். அடுத்தது ரெக்ரூட்டிங், அதாவது அணிக்கு ஆட்களைத் தேடிச் சேர்ப்பது. இதைத்தான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டேன். எனக்கு முதல் ஐந்து வருடம் கோலிகளை மட்டும் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள், நானும் பார்த்துவிட்டு வந்தேன். நேர்காணலில் ஒருவர் "நீங்கள் கொண்டுவந்த மிட்ஃபீல்டர் யார்?" என்று கேட்டபோது சொல்ல ஒரு பெயர் இல்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருடமே மூன்று மாநிலங்களின் க்ளப் அணிகள் மொத்தத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கினேன், அதற்கப்புறம்தான் முழுநேர, இன்ஷூரன்ஸ் உள்ள வேலை வந்தது. டிவிஷன் 1-லும் 2-லும் வெளியே போய் ஆட்களைப் பார்க்க வேண்டுமானால் விதிமுறைத் தேர்வு எழுதித் தேற வேண்டும், சின்னத் தேர்வுதான், ஆனால் போன உடனே எழுதிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் வேனில் தண்ணீர்ப் பெட்டி ஏற்றுவதும் ஓட்டல் அறைப் பட்டியல் போடுவதும்தான் கையில் வரும். அதையும் செய்யத்தான் வேண்டும், அது மட்டுமே ஆகிவிடக் கூடாது.

லைசென்ஸ் பற்றிக் கவலைப்பட வேண்டாம். யு.எஸ். சாக்கரின் கிராஸ்ரூட்ஸ் கோர்ஸ்கள், அப்புறம் டி, அப்புறம் சி என்று ஒவ்வொன்றாகப் போகலாம். யுனைடெட் சாக்கர் கோச்சஸ் என்கிற சங்கம் கோல்கீப்பிங்குக்கென்று தனியாகவே டிப்ளமா நடத்துகிறது. நிறையக் கல்லூரிகள் இதற்குப் பணம் கொடுக்கும், கேட்டால்தான் கொடுக்கும். அந்தச் சங்கத்தின் மாநாடு ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும், சீசன் முடிந்து வேலை மாறுகிற நேரம் அதுதான், நான் இரண்டாவது வேலையை அங்கே ஒரு காபி வரிசையில் நின்றபோதுதான் கேள்விப்பட்டேன்.


மினசோட்டா அம்மா:

என் மகன் ஜி.ஏ. கோச்சாக இரண்டு வருடம் இருந்தான், அவனும் கோலிதான். இப்போது கோச்சிங்கில் இல்லை, ஆனால் அந்த இரண்டு வருடத்துக்காக அவன் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. மேலே தம்பி ஆட்டத்தைப் பற்றி எழுதிவிட்டார், நான் காகிதத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் அதில்தான் அடிபட்டோம்.

படிப்புக்கட்டணம் கிடையாது என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எத்தனை கிரெடிட் (பாடங்களுக்கான அலகு) வரைக்கும், கோடையில் எடுக்கும் பாடத்துக்கும் உண்டா, ஃபீஸ் என்று தனியாக வருவதை யார் கட்டுவது, எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒவ்வொரு செமஸ்டரும் ஃபீஸ் பில் மட்டும் தனியாக வந்தது, யாரும் முன்னால் சொல்லவில்லை.

இரண்டாவது வரி. பாடம் நடத்துகிற, ஆராய்ச்சி செய்கிற கிராஜுவேட் மாணவர்களுக்குக் கட்டண விலக்கு கிடைத்தால் அதற்கு வரி இல்லை. கோச்சிங் அந்தக் கணக்கில் வராது என்று பல கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன. அப்போது வருடத்துக்கு 5,250 டாலர் வரைதான் வரி இல்லை, அதற்கு மேல் உள்ளதைச் சம்பளமாகக் கருதி, அதற்கான வரியை ஸ்டைபண்டில், அதாவது கையில் தரும் உதவித்தொகையில் பிடித்துக்கொள்வார்கள். என் மகனுக்கு வசந்த செமஸ்டரில் ஒரு மாதம் கையில் வந்தது நூறு டாலருக்கும் கீழே. அவன் போன் செய்து அழவில்லை, ஆனால் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் மகள் அக்கவுண்டிங் படித்தவள், அவளே கல்லூரியின் பேரோல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது, மருத்துவக் காப்பீடு. 26 வயது வரை உங்கள் பாலிசியில் அவளை வைத்துக்கொள்ளலாம், அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் வேறு மாநிலம் என்கிறீர்கள், உங்கள் பாலிசியின் டாக்டர்கள் அங்கே இருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம் ஒரு யோசனை. மாஸ்டர்ஸ் என்றதும் எல்லோரும் ஸ்போர்ட் மேனேஜ்மென்ட்டில் சேர்த்துவிடுவார்கள். எதில் வேண்டுமானாலும் சேரலாமா என்று கேளுங்கள். சிபிஏ, அதாவது கணக்காளர் உரிமம் வாங்குவதற்கு வழக்கமாக 150 கிரெடிட் வேண்டும், பட்டப்படிப்பில் வருவது 120 தான். சில மாநிலங்கள் இப்போது விதியை மாற்றி வருகின்றன, ஆனாலும் அக்கவுண்டிங்கிலேயே மாஸ்டர்ஸ் முடித்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். கோச்சிங் ஒத்துவரவில்லை என்றாலும் இரண்டு வருடம் வீணாகாது. உங்கள் மனைவிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.


மாலைநேரக் கோச்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நானும் கல்லூரியில் கோலியாக ஆடினேன், இப்போது பகலில் பேங்க் வேலை, சீசன் நேரத்தில் சாயங்காலம் ஒரு டிவிஷன் 3 கல்லூரியில் பகுதிநேரக் கோல்கீப்பர் கோச், ஏழு வருடமாக. டிவிஷன் 3-ல் 400-க்கும் மேல் கல்லூரிகள் இருக்கின்றன, நான் பார்த்தவரையில் அவற்றில் நிறைய இடங்களில் கோலிகளைப் பார்த்துக்கொள்ள முழுநேர ஆள் வைக்க வசதி இல்லை. சாயங்காலப் பயிற்சிக்கும் சனிக்கிழமை ஆட்டத்துக்கும் வருகிற ஒருவரைத் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். உங்கள் மகள் ஆடிட் வேலையில் சேர்ந்துவிட்டு, அவள் படித்த கல்லூரியிலேயே கேட்டால் நாளைக்கே எடுத்துக்கொள்வார்கள். ஆடிட்டில் வேலை நெருக்கடி ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, சாக்கர் ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை, இரண்டும் மோதவே மோதாது.

பணத்தை எண்ணாமல் கோலிகளோடு இருக்க முடிகிறது எனக்கு. யார் வேலை போனாலும் என் வீடு ஆடாது. வலைக்காவலன் டிசம்பரில் வேலை போனதைப் பற்றி எழுதியதைப் படித்தீர்கள் அல்லவா, 22 வயதில் அது தாங்கும், 35-ல் பிள்ளைகளோடு தாங்காது. வருத்தப்படுத்த எழுதவில்லை, என்னோடு ஆடிய இரண்டு பேர் நல்ல கோச்களாக இருந்தும் அப்படித்தான் இதை விட்டுப் போனார்கள்.


வலைக்காவலன்:

மாலைநேரக் கோச் சொல்வது நல்ல வழிதான், அதை நான் மறுக்கவில்லை. அவரைப் போன்றவர்கள் இல்லையென்றால் டிவிஷன் 3-ல் பாதிக் கோலிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளே இருக்காது. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். பகுதிநேரத்திலிருந்து முழுநேரத்துக்குப் போவது ரொம்பக் கடினம், முழுநேரத்திலிருந்து ஆடிட்டுக்குத் திரும்புவது அவ்வளவு கடினம் இல்லை. சாயங்காலம் வருகிறவருக்கு ரெக்ரூட்டிங் கிடைக்காது, அலுவலகத்தில் நடக்கிற பேச்சு எதுவும் காதில் விழாது, ஸ்காலர்ஷிப் பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தெரியவே தெரியாது. ஹெட் கோச் ஆக வேண்டும் என்று நினைத்தால் அதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவளுக்கு அந்த ஆசை இருக்கிறதா என்று நீங்கள் கேட்டீர்களா அண்ணா? ஹெட் கோச் ஆக வேண்டுமா, கோலிகளோடு இருந்தால் போதுமா? இரண்டுமே நல்ல பதில்தான். ஆனால் முதல் பதில் என்றால் ஜி.ஏ., இரண்டாவது என்றால் மாலைநேரக் கோச் சொல்வது.

இன்னொன்று. டிவிஷன் 1-ல் 2025-ல் வந்த வழக்குத் தீர்வுக்கப்புறம், அதில் சேர்ந்த கல்லூரிகளில் சாக்கர் அணிக்கு 28 பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டது. முன்பு நான்காவது, ஐந்தாவது கோலியாக ஒட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு இப்போது அங்கே இடமில்லை, அவர்கள் டிவிஷன் 2-வுக்கு வருவதை நான் என் மின்னஞ்சலிலேயே பார்க்கிறேன். ஆக, உங்கள் மகள் போகிற இடத்தில் நல்ல கோலிகள் கிடைக்கிற நேரம் இது. பெண்கள் அணிகளில், தானே கோலியாக ஆடிய பெண் கோச் இன்னும் குறைவு, நான் வேலை பார்த்த இரண்டு இடத்தில் தேடியும் கிடைக்கவில்லை.


ஒஹாயோ அப்பா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இந்தப் பதில்களை எல்லாம் நேற்று ராத்திரி மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மகளையும் உட்காரவைத்துக் கேட்டோம், ஹெட் கோச் ஆக வேண்டுமா, கோலிகளோடு இருந்தால் போதுமா என்று. அவள் யோசிக்கவே இல்லை. "கோலியா நின்னு பின்னாலேர்ந்து கத்தினா பத்துப் பேருக்குத்தான் கேட்கும், எனக்கு முழு டீமும் வேணும்" என்றாள். நான்கு வருடமாக ஆட்டம் பார்க்கப் போகிறோம், இதை இதுவரை கேட்டதே இல்லை நாங்கள்.


ஒஹாயோ அப்பா (ஒன்பது நாள் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது இதே கேள்வியோடு வந்தால் உதவும்.

மகள் ஹெட் கோச்சிடம் போனில் முக்கால் மணி நேரம் பேசினாள். முன்பு இருந்த ஜி.ஏ.க்கள் எங்கே என்று கேட்டதற்கு மூன்று பேரைச் சொல்லி நம்பர் கொடுத்தார், மூன்று பேரிடமும் பேசினாள். இருவர் வேறு கல்லூரிகளில் முழுநேர உதவிக் கோச், ஒருவர் இதை விட்டுவிட்டு இப்போது பள்ளி ஆசிரியை, மூவருமே அவரிடம் போகலாம் என்றார்கள். செட் பீஸ் கேட்டாள், கொடுக்கிறேன் என்றார். ரெக்ரூட்டிங் முதல் சீசனில் கோலிகள் மட்டும், ஜனவரியிலிருந்து மற்றவர்களும் என்றார்.

அக்கவுண்டிங் மாஸ்டர்ஸுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஒரு பாடம் செவ்வாய், வியாழன் காலையில் பயிற்சி நேரத்திலேயே வருகிறது, அதை வசந்த செமஸ்டருக்குத் தள்ளிவைத்துவிட்டாள். வரி விஷயம் மினசோட்டா அம்மா சொன்னபடியேதான், பேரோலில் கேட்டதில் 5,250-க்கு மேல் உள்ள கட்டணத்துக்கு வரி பிடிப்பார்களாம். 9,000-ல் எவ்வளவு மிஞ்சும் என்று அவளே ஒரு ஷீட் போட்டு அம்மாவிடம் காட்டினாள். மாதா மாதம் பற்றாக்குறையை நாங்கள் கொடுக்கிறோம், கடனாகத்தான் என்று அவள் பிடிவாதம், சரி என்று சொல்லிவிட்டோம். ஆடிட் நிறுவனத்துக்குப் போன் செய்து வர முடியவில்லை என்று மரியாதையாகச் சொன்னாள். இரண்டு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார்களாம்.

நேற்று சாயங்காலம் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்குக் கூப்பிட்டாள். கிளவ்ஸை என்னிடம் கொடுத்து கோலில் நிற்கச் சொன்னாள், இடது காலால் உதைத்துப் பழக வேண்டுமாம். "பிடிக்க வேணாம்ப்பா, கையை நீட்டு, உன் கைக்கு வருதான்னு மட்டும் சொல்லு" என்றாள். முதல் இருபதில் நாலைந்துதான் கைக்கு வந்தது. இருட்டுகிற வரைக்கும் நின்றேன். மழை இல்லாவிட்டால் இன்றைக்கும் போகிறோம்.